இங்கிலாந்தின் உழைக்கும் குடும்பங்களில் முன்னோரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளுத்தாத்தா லங்காஷயரில் மில் தொழிலாளி, டர்ஹாமில் சுரங்கத் தொழிலாளி, லண்டன் துறைமுகத்தில் சுமைகூலி என்று ஒரு வரி மட்டும் வீட்டில் வழங்கி வரும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் நிற்பவர்களுக்கான பக்கம் இது. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினருக்கும், இங்கிலாந்தில் சம்பந்தம் செய்தவர்களுக்கும், சமூக வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும். இங்கே சொல்லும் முறைகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் பதிவுச் சட்டமே வேறு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லங்காஷயரின் பருத்தி ஊர்களிலிருந்து வருகின்றன.

சொத்தும் இல்லை, படிப்பும் இல்லை. இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுத்தில் என்ன கிடைக்கும்?

எதிர்பார்ப்பதைவிட நிறையவே கிடைக்கும். அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை, உயில் எழுதியவர்களும் குறைவு. ஆனால் அவர்களை எண்ணவும், வரி வாங்கவும், உதவி கொடுக்கவும், ஊரைவிட்டு அனுப்பவும், தண்டிக்கவும், புதைக்கவும் யாரோ ஒருவர் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவாளர், கணக்கெடுப்பாளர், பாதிரியார், ஏழைநிதி மேற்பார்வையாளர், பள்ளித் தலைமையாசிரியர், மரண விசாரணை அதிகாரி என்று அந்த வரிசை நீளும்.

எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்? விவரம் சொன்னவருக்கு அது நேரடியாகத் தெரியுமா? இறப்புச் சான்றிதழில் உள்ள வயதை இறந்தவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்விகளைக் கேட்கத் தவறுவதால்தான் பாதிக் குடும்ப மரங்கள் தடம் மாறிப் போகின்றன.

எங்கே தொடங்குவது?

உங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள், ஒரு நேரத்தில் ஒரு தலைமுறை. 1800இல் ஒரு பெயரைப் பிடித்து அங்கிருந்து கீழே இறங்கி வர முயல்வது வீண் வேலை.

வீட்டில் இருப்பதை முதலில் சேருங்கள்: சான்றிதழ்கள், பைபிளின் முதல் பக்கம், ராணுவப் பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருக்கும் எண், புகைப்படத்தின் பின்பக்கம். அடுத்து 1939 பதிவேட்டுக்குப் போங்கள். போர் தொடங்கியதும், அடையாள அட்டை கொடுப்பதற்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த கணக்கு அது. முழுப் பிறந்த தேதி, தொழில், முகவரி மூன்றும் அதில் இருக்கும். பின்னாளில் தேசிய சுகாதாரச் சேவை இதே ஏட்டைப் பயன்படுத்தியதால், திருமணமாகிப் பெயர் மாறிய பெண்களின் புதுக் குடும்பப் பெயரும் பழைய பெயருக்கு மேல் எழுதப்பட்டிருக்கும். பிறந்து 100 ஆண்டு ஆகாதவர்களின் வரிகள், இறப்பு உறுதியாகாத வரை, மறைக்கப்பட்டிருக்கும். படையில் சேர்ந்திருந்தவர்கள் இதில் இல்லை.

அங்கிருந்து 1921, பிறகு 1911 என்று கணக்கெடுப்புகளில் படிப்படியாகப் பின்னால் போகலாம்.

பிறப்பு, இறப்புச் சான்றிதழை எப்படிக் கண்டுபிடித்து வாங்குவது?

அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டப் பதிவாளரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லண்டனுக்கு நகல் அனுப்பினார். அதனால் அட்டவணைகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று காலாண்டு வாரியாக இருக்கும். அது பதிவு செய்த காலாண்டு. டிசம்பர் 20 அன்று பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் வருவது சகஜம்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஆண்டு, காலாண்டு, மாவட்டம், தொகுதி எண், பக்க எண் என ஐந்து அடையாளங்கள் உண்டு. தொகுதி எண்ணைப் பார்த்தே வட்டாரத்தைச் சொல்லிவிடலாம். 1852 முதல் 1946 வரை 8பி முதல் 8இ வரை இருந்தால் அது லங்காஷயர்.

இரண்டு அட்டவணைகளையும் பயன்படுத்துங்கள். பழைய அச்சு அட்டவணையைப் படியெடுத்துத் தரும் ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வலர் தளம் இலவசம். திருமணங்களுக்கு அதுதான் வழி. சவுத்போர்ட்டில் உள்ள தலைமைப் பதிவு அலுவலகத்தின், அதாவது ஜி.ஆர்.ஓ.வின், சொந்த இணைய அட்டவணையில் பிறப்பும் இறப்பும் மட்டுமே இருக்கும். ஆனால் அதில் ஒரு பெரிய வசதி: தாயின் கன்னிக் குடும்பப் பெயர் 1837 முதலே தரப்பட்டிருக்கும். பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். இறந்தவரின் வயதும் அப்படித்தான். பழையதில் 1866 முதல், புதியதில் 1837 முதல். ஒரு எச்சரிக்கை: மாதக் கணக்கில் இருந்த குழந்தையின் வயது சில இடங்களில் ஆண்டுக் கணக்காகப் படியெடுக்கப்பட்டிருக்கிறது. 'வயது 9' என்று இருப்பது 9 மாதக் குழந்தையாக இருக்கலாம்.

2024 ஏப்ரல் கட்டண உயர்வுக்குப் பிறகு காகிதச் சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, டிஜிட்டல் படம் 3 பவுண்டு. பழைய பிறப்புகளுக்கும் 1887 வரையான இறப்புகளுக்கும் டிஜிட்டல் படமே போதும். கூரியருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கட்டணத் தளங்கள் சான்றிதழை இரட்டிப்பு விலைக்கு விற்பதும் உண்டு, ஜி.ஆர்.ஓ.விடமே வாங்குங்கள்.

பிறந்த தேதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாக வருகிறது. எப்படி?

பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானால் அபராதம் என்ற பயத்தில் பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொன்னார்கள். அங்கே ஞானஸ்நான ஏட்டை நம்புங்கள். 1875க்கு முன் பதியாமலே விடுபட்ட குழந்தைகளும் உண்டு. பதிவு செய்யும் கடமையைச் சட்டம் பெற்றோர் தலையில் தெளிவாகச் சுமத்தியது அந்த ஆண்டில்தான்.

பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரமும் குறித்திருந்தால் பெரும்பாலும் இரட்டைக் குழந்தை. அதே காலாண்டில், அதே பக்கத்தில் இன்னொரு பெயரைத் தேடுங்கள்.

திருமணச் சான்றிதழில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

எந்தச் சான்றிதழைவிடவும் அதிகம் தருவது இதுதான். இரு தரப்புத் தந்தையரின் பெயரும் தொழிலும் இதில் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொறி உண்டு.

வயது: 'முழு வயது' என்றிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று மட்டுமே பொருள். பெற்றோர் சம்மதம் தேவைப்படாமல் இருக்க 19 வயதுக்காரர் 21 என்று சொன்னதும் உண்டு.

முகவரி: இருவருக்கும் ஒரே முகவரி இருந்தால் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு பாரிஷில், அதாவது தேவாலய வட்டாரத்தில், திருமண அறிவிப்பு வாசிக்க இரட்டைக் கட்டணம் ஆகும். அதைத் தவிர்க்க ஒரே முகவரி கொடுப்பார்கள்.

தந்தை: கட்டம் காலியாக இருந்தால் பெரும்பாலும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். நிரம்பியிருந்தாலும் பெயர் கற்பனையாக இருக்கலாம். தாத்தாவின் பெயரையோ வளர்த்தவர் பெயரையோ சொல்லி மானத்தைக் காத்துக்கொண்டவர்கள் ஏராளம். தந்தை இறந்துவிட்டார் என்ற குறிப்பு இல்லையென்றால் உயிரோடு இருந்தார் என்றும் கொள்ள முடியாது. எழுத்தர் கேட்காமலே விட்டிருப்பார்.

கையெழுத்து: கைநாட்டு வைத்தவருக்குப் பெருக்கல் குறி இருக்கும். ஆனால் ஜி.ஆர்.ஓ. நகல், பாதிரியார் காலாண்டுக்கு ஒருமுறை பார்த்து எழுதி அனுப்பியது. அதில் உள்ள கையெழுத்து உங்கள் பாட்டியுடையது அல்ல. அவள் பேனா பிடித்த தடத்தைப் பார்க்க வேண்டுமானால் தேவாலய ஏட்டின் மூலப் படத்தைத் தேடுங்கள். பல லங்காஷயர் ஏடுகளின் படங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்தில் இருக்கின்றன. நடுங்கிய கையால் போட்ட ஒரு பெருக்கல் குறி, அதன் இரு பக்கமும் எழுத்தர் எழுதிய அவள் பெயர்: பல பெண்களுக்கு வாழ்நாளில் சொந்தக் கையால் விட்டுச்சென்ற ஒரே அடையாளம் அது.

சாட்சிகள்: இவர்களை யாரும் பார்ப்பதில்லை. பாருங்கள். மணமகளின் அக்காவும் அவள் கணவரும் அங்கேதான் நிற்பார்கள். ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அவர் தேவாலயப் பணியாளர், விட்டுவிடலாம்.

எந்தெந்த ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம்?

1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒன்று. 1931 கணக்கெடுப்பு 1942 டிசம்பரில் ஹேய்ஸில் நடந்த தீ விபத்தில் அழிந்தது. 1941இல் போரால் எடுக்கவே இல்லை. 1951 கணக்கெடுப்பு நூறாண்டு விதிப்படி 2052இல்தான் திறக்கும்.

1841இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். உறவுமுறையும் பிறந்த ஊரும் இராது. லங்காஷயர் போன்ற அதே கவுண்டியில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டால் குடும்பம் முடிந்தது, இரண்டு போட்டால் வீடு முடிந்தது. 1851 முதல் உறவும் பிறந்த ஊரும் வருகின்றன. 1911இல் குடும்பத் தலைவரே நிரப்பிய படிவம் பிழைத்திருக்கிறது. 1921இல் வேலை கொடுத்தவரின் பெயரும் இடமும் உண்டு. எந்த மில், எந்தச் சுரங்கம் என்று முதன்முறையாகத் தெரிவது அங்கேதான். அந்தக் கணக்கெடுப்பு ஏப்ரலில் நடந்திருக்க வேண்டியது. வேலைநிறுத்தச் சூழலால் ஜூன் 19க்குத் தள்ளிப்போனது. அதனால் வயதைக் கழிக்கும்போது கவனம்.

1881 கணக்கெடுப்பு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். பழக அதுவே ஏற்றது.

ஒரு வீட்டின் கணக்கை எப்படி முழுதாகப் படிப்பது?

ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓல்டம், 1871 ஏப்ரல் 2. தலைவர், 36, பருத்தி நூற்பவர், பிறந்தது ராச்டேல். மனைவி, 34, தொழில் கட்டம் காலி, பிறந்தது பரி. மகள், 13, கார்டிங் அறை (பஞ்சைச் சிக்கெடுக்கும் இடம்) வேலை, பிறந்தது ராச்டேல். மகன், 9, அரைநேரத் தொழிலாளி, பிறந்தது ராச்டேல். மகன், 3, பிறந்தது ஓல்டம். மாமியார், 66, விதவை, முன்னாள் கைத்தறி நெசவாளி. லாட்ஜர் (வாடகைக்குத் தங்கியவர்), 22.

மூத்த மகளின் வயதிலிருந்து திருமணத்தை 1857 சுற்றி ராச்டேலிலோ, மணமகள் ஊரான பரியிலோ தேட வேண்டும். மாமியாரின் குடும்பப் பெயர் மனைவியின் கன்னிப் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த தகவல் அது. மாமியார் மறுமணம் செய்திருந்தால் மட்டும் பொருந்தாது. 9 வயதுக்கும் 3 வயதுக்கும் நடுவே பெரிய இடைவெளி. இறந்த குழந்தை இருக்கலாம். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் லங்காஷயர் மில்கள் மூடிக் கிடந்தன. அந்தப் பஞ்சுப் பஞ்சத்தில் அலைந்திருக்கலாம். ஊர் மாறியதும் அந்த இடைவெளியில்தான். ராச்டேல் ஏழைநிதிப் பதிவுகளையும் புரட்ட இது போதுமான காரணம்.

மனைவியின் கட்டம் காலி என்பதால் அவள் சும்மா இருந்தாள் என்று எண்ண வேண்டாம். துணி வெளுத்தது, லாட்ஜருக்குச் சமைத்தது, பகுதி நேர மில் வேலை எதுவும் எழுத்தில் ஏறாமல் போனது.

'அரைநேரம்' என்பது பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி. 1844 சட்டப்படி 8 வயதில் தொடங்கலாம். அதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்ன பெற்றோர் உண்டு. மில் கணக்கில் உள்ள வயதைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்.

இன்னொன்று: 'சன்-இன்-லா' என்று 8 வயதுப் பையனுக்கு எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் மாற்றான் பிள்ளையையும் அந்தச் சொல்லால்தான் குறித்தார்கள்.

1911 படிவத்தில் பிறந்த குழந்தைகள், இறந்த குழந்தைகள் என்று எண் இருக்கிறது. அந்தக் குழந்தைகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கண்டுபிடிக்கவும் வேண்டும். அந்தப் படிவத்தில் மணமான பெண்கள் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கேட்கப்பட்டது. ஒன்பது, ஐந்து, நான்கு என்று எழுதியிருந்தால், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பிறந்து இறந்த நால்வர் வேறு எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லாமல் இருக்கலாம்.

வழி இது. ஜி.ஆர்.ஓ. பிறப்பு அட்டவணையில் முதல் பெயரைக் காலியாக விடுங்கள். குடும்பப் பெயர், தாயின் கன்னிப் பெயர், பதிவு மாவட்டம் மூன்றையும் கொடுங்கள். ஒரு தேடலில் முன்பின் இரண்டு ஆண்டுவரைதான் போகும். ஆகவே திருமண ஆண்டிலிருந்து ஐந்தைந்து ஆண்டாக நகர்த்தி, ஆணுக்கு ஒருமுறை, பெண்ணுக்கு ஒருமுறை தேடுங்கள். இருபத்தைந்து ஆண்டு மணவாழ்க்கைக்குப் பத்துத் தேடல். கிடைத்த பெயர்களில் அடுத்த கணக்கெடுப்பில் காணாதவற்றை இறப்பு அட்டவணையில் பாருங்கள். தாய் மாவட்டம் மாறியிருந்தால் பக்கத்து மாவட்டங்களையும் சேருங்கள். கூட்டினால் ஒன்பது வந்துவிட்டதா என்று சரிபாருங்கள். எண்ணிக்கை கூடினால் அதே இரு குடும்பப் பெயர்களில் இன்னொரு தம்பதி இருக்கலாம்.

கேள்வி பெண்களுக்கானதாக இருந்தும், மனைவியை இழந்த கணவர்கள் தங்கள் வரியிலும் நிரப்பி வைத்தார்கள். பிறகு எழுத்தர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். அடித்த எண்களையும் படியுங்கள்.

கணக்கெடுப்பில் குடும்பமே காணவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள், வேறு எழுத்தில். படிக்காதவரின் பெயரை எழுத்தர் காதால் கேட்டு எழுதினார். அவர் எழுதியதை இன்றைய படியெடுப்பவர் கண்ணால் தவறாகப் படித்தார். லங்காஷயர்ப் பேச்சில் முதல் 'ஹ' ஒலி விழுந்துவிடும். ஹாரிசன் அரிசன் ஆகும். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த ஊர் மூன்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அரிய முதல் பெயருள்ள பிள்ளையை வைத்துத் தேடினால் இன்னும் நல்லது. மேரி பாலி ஆவாள், சாரா சாலி ஆவாள், மார்கரெட் பெக்கி ஆவாள், ஆன் நான்சி ஆவாள்.

முகவரி தெரிந்தால் தெருவையே பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சான்றிதழில் இருந்து முகவரியை எடுங்கள்.

1851இல் மான்செஸ்டர், சால்ஃபோர்ட், ஓல்டம் பகுதி ஏடுகள் தண்ணீரில் நனைந்து பெரிதும் பாழாயின. மான்செஸ்டர் லங்காஷயர் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் மங்கிய எழுத்துகளைப் பொறுமையாகப் படித்து, மீட்க முடிந்ததை மீட்டுத் தந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் 1851இல் இல்லையென்றால் அவர்களது படியைத் தேடுங்கள்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர். எவர் நம்மவர்?

உழைக்கும் குடும்பங்களைத் தேடுவதில் உண்மையான வேலை இதுதான். பொருந்தும் ஒருவரைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். மூன்று பேரையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொருவரையும் இறப்பு வரை கொண்டு செல்லுங்கள். ஒருவர் நான்கு வயதில் இறந்திருப்பார். இன்னொருவர் உங்கள் முன்னோர் மணமான பிறகும் தன் பெற்றோர் வீட்டில் இருப்பார். மிஞ்சுபவர்தான் உங்களுடையவர், அவரது தந்தை பெயரும் தொழிலும் திருமணச் சான்றிதழோடு ஒத்துப்போனால். குழந்தையாக இறந்தவரை முன்னோராக வைத்திருக்கும் இணைய மரங்கள் ஏராளம். மற்றவர்களின் மரத்தைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1837க்கு முன் எப்படிப் போவது?

பாரிஷ் ஏடுகள் வழியாக. தாமஸ் கிராம்வெல் ஆணையால் 1538இல் தொடங்கியவை. எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை பிழைக்கவில்லை. 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு நகல் போனது. மூல ஏட்டை எலி தின்றிருந்தால் அந்த நகல் கைகொடுக்கும்.

1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் குடியிருப்பும், அடக்கத்தில் வயதும் இருக்கும். அதற்கு முன் பல ஏடுகளில் 'ஜானின் மகன் ஜான்' என்பதோடு முடிந்துவிடும். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது, ஏழைகளுக்கு விலக்கு. பெயருக்குப் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து இருந்தால் அந்த விலக்கு பெற்றவர். ஒரே நாளில் நான்கு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அவர்கள் ஒரே வயதினர் அல்லர், சேர்த்து முடித்தார்கள்.

1754 முதல் 1837 வரை குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரையும் யூதர்களையும் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையில்தான் சட்டப்படி மணக்க முடியும். உங்கள் மெதடிஸ்ட், கத்தோலிக்க முன்னோரின் திருமணமும் அங்கேதான் இருக்கும். மான்செஸ்டர் வட்டாரம் என்றால் இன்று கதீட்ரலாக இருக்கும் பழைய கொலீஜியேட் தேவாலயத்தை முதலில் பாருங்கள். பரந்த அந்தப் பாரிஷின் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே மணந்தார்கள். லங்காஷயருக்கு 'ஆன்லைன் பாரிஷ் கிளார்க்' திட்டத்தின் இலவசப் படிகள் நல்ல தொடக்கம்.

1752 வரை புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. 1740 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் 1741.

ஏழைநிதி ஆவணங்கள் என்றால் என்ன? அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

ஏழையின் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லவைத்த ஆவணங்கள் அவை. 1662 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு 'குடியுரிமைப் பாரிஷ்' உண்டு. கஷ்டம் வந்தால் உதவ வேண்டியது அந்தப் பாரிஷ்தான். உதவி கேட்டு வந்தவரை இரு நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்தார்கள். எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை மாதம், என்ன கூலி, எப்போது மணந்தாய், பிள்ளைகள் பெயர் என்ன. ஒரே தாளில் முப்பது ஆண்டு வாழ்க்கை வந்துவிடும்.

குடியுரிமை கிடைக்கும் வழிகளில் சில: தந்தையுடையது பிள்ளைக்கு, கணவனுடையது மனைவிக்கு, தொழில் பழகிய இடம், மணமாகாதவர் முழு ஓராண்டு வேலை பார்த்த இடம், ஆண்டுக்கு பத்துப் பவுண்டு வாடகைக்கு இருந்த இடம். இதனால் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் அமர்த்திய முதலாளிகள் இருந்தார்கள். விசாரணையில் 'ஒரு வாரம் குறைய' என்று வந்தால் அதன் பின்னணி இதுதான். தகுதியில்லை என்று முடிவானால் வெளியேற்ற ஆணை. கணவனை இழந்த பெண், தான் ஒருநாளும் பார்த்திராத அவன் ஊருக்குப் பிள்ளைகளோடு அனுப்பப்பட்டாள். குடும்பம் திடீரென்று எண்பது மைல் தள்ளி முளைத்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இவை கவுண்டி ஆவணக் காப்பகங்களில் 'பாரிஷ் பெட்டி' ஆவணங்களாக இருக்கும், லங்காஷயருக்கு பிரஸ்டனில். பல இன்னும் இணையத்தில் ஏறவில்லை.

1834க்குப் பிறகு பாரிஷ்கள் சேர்ந்த யூனியன்களும், ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய அவற்றின் வொர்க்ஹவுஸ்களும் வந்தன. சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடு, மதப் பதிவேடு இரண்டையும் கேளுங்கள். மதப் பதிவேட்டில் நெருங்கிய உறவினர் முகவரியும் இருக்கக்கூடும். யூனியன்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எம்ஹெச் 12 வரிசையில் உள்ளன. 1904 முதல் வொர்க்ஹவுஸில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் தெருவும் கதவெண்ணும் மட்டும் போட்டு மறைத்தார்கள். அந்த முகவரியைப் பழைய வரைபடத்தில் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்தின் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடங்களும் இலவசம்.

தந்தை பெயர் இல்லாத குழந்தை. தந்தையைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

சில வழிகள். 1834க்கு முன், குழந்தை பாரிஷுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று தந்தையின் பெயரைத் தாயிடம் கேட்டு ஜாமீன் பத்திரம் எழுதினார்கள். அதற்குப் பிறகு உள்ளூர் நீதிமன்றத்தில் பராமரிப்பு வழக்கு. ஏடு அழிந்திருந்தாலும் செய்தித்தாளில் வந்திருக்கும். குழந்தையின் நடுப்பெயர் ஒரு குடும்பப் பெயர் போல ஒலித்தால் அது தந்தையுடையதாக இருக்கலாம். ஜி.ஆர்.ஓ. அட்டவணையில் தாயின் கன்னிப் பெயர் கட்டம் வெறும் கோடாக இருந்தால் குழந்தை தாயின் குடும்பப் பெயரில் பதிவானது என்று பொருள். மற்றதெல்லாம் டிஎன்ஏ பரிசோதனையில்தான்.

மனைவி உயிரோடு இருக்க மறுமணம் செய்தவர்களும் உண்டு. 1857க்குப் பிறகு நீதிமன்ற விவாகரத்து வந்தாலும் கூலிக்காரரால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. ஊர் மாறினார்கள், 'தாரமிழந்தவர்' என்று எழுதிவைத்து மணந்தார்கள்.

மில், சுரங்கம், ரயில்வேயில் வேலை செய்ததற்கு ஆவணம் இருக்குமா?

ரயில்வேக்கு இருக்கும்: கியூவில் 'ரெயில்' வரிசையில் கம்பெனிவாரியாக ஊழியர் ஏடுகள், பிறந்த தேதி, சம்பளம், அபராதம் எல்லாம். மில்லுக்கு அரிது. சம்பளப் புத்தகம் பிழைத்திருந்தாலும் அதில் நூற்பவர் பெயர்தான் இருக்கும். அறுந்த இழையை ஒட்டிக் கொடுக்கும் பீசர் சிறுவர்களுக்கு அவரே தன் கூலியிலிருந்து கொடுத்தார். அவர்கள் கம்பெனிக் கணக்கில் வரவே இல்லை.

சுரங்கத்தில் வேலை பார்த்தவரைவிடச் சுரங்கத்தில் இறந்தவரைக் கண்டுபிடிப்பது எளிது. 1850களிலிருந்து சுரங்க ஆய்வாளர் அறிக்கைகள் விபத்தில் மாண்டோரைப் பெயரோடு பட்டியலிட்டன. டர்ஹாம் சுரங்க அருங்காட்சியகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். தொழிற்சங்க ஏடுகளுக்கு வார்விக் பல்கலைக்கழகத்தின் நவீன ஆவண மையம்.

இறப்புச் சான்றிதழில் தகவல் தந்தவராக 'கரோனர்' என்று இருக்கிறது.

கரோனர் என்றால் மரண விசாரணை அதிகாரி. அப்படியானால் விசாரணை நடந்திருக்கிறது. விசாரணைத் தேதி அதே கட்டத்தில் இருக்கும். விசாரணைக் கோப்புகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை; செய்தித்தாள் பிழைத்தது. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவில் அந்தத் தேதியிலிருந்து பத்து நாளுக்குள் ஊர்ப் பத்திரிகையைப் பாருங்கள். பெயர் பிழையாக அச்சாகியிருக்கலாம். மில் பெயர், தெருப் பெயர் போட்டுத் தேடுங்கள். விசாரணையில் மனைவியும் உடன் வேலை செய்தவரும் சொன்ன சாட்சி அப்படியே வந்திருக்கும்.

கல்லறைக் கல் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலானோர் உறவில்லாத பலரோடு ஒரே பொதுக்குழியில் அடக்கமானார்கள். நகராட்சி மயான ஏட்டில் குழி எண் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் இடத்தைக் காட்டுவார்கள்.

முதல் உலகப் போரில் இருந்தவரின் பணிப்பதிவு கிடைக்கவில்லையே?

1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருக் கிடங்கில் விழுந்த குண்டால் சாதாரண வீரர்களின் பதிவுகளில் பாதிக்கு மேல் எரிந்தன. கருகி மிஞ்சியவை கியூவில் டபிள்யூஓ 363 வரிசை. ஓய்வூதியக் கோப்புகள் டபிள்யூஓ 364இல். இரண்டிலும் இல்லையென்றால் பதக்க அட்டை, ஓய்வூதிய அட்டை இரண்டையும் பாருங்கள்.

எங்கள் முன்னோர் மதராஸுக்கு வந்த ஆங்கிலேயத் தொழிலாளி. அவரை இங்கிலாந்தில் எப்படிப் பிடிப்பது?

இங்கிருந்து தொடங்குங்கள். மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை. படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற தளத்தில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பச் சங்கமான ஃபிபிஸ் தளத்தில் இலவச அட்டவணை உண்டு.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபின் இங்கிலாந்திலிருந்து டிரைவர்களும் ஃபிட்டர்களும் ஒப்பந்தத்தில் வந்தார்கள். பெரம்பூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர்க் குடும்பங்கள் பல இவர்கள் வழி. இந்திய ரயில்வே கம்பெனிகளின் ஆவணங்கள் அதே நூலகத்தில் எல்/ஏஜி/46 வரிசையில். படைவீரராக வந்து இங்கேயே தங்கியவர் என்றால், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு டபிள்யூஓ 97 விடுவிப்புப் பத்திரம், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்கு எல்/மில்/11. விடுவிப்புப் பத்திரத்தில் பிறந்த பாரிஷ், பழைய தொழில், உயரம், கண்ணின் நிறம் வரை இருக்கும்.

என்/2 திருமணப் பதிவில் மணமகனின் தந்தை பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் குறியுங்கள். அந்தத் தந்தை பெயரோடு, அந்த வயதுப் பையன் உள்ள வீட்டை, அவர் இந்தியா வருவதற்கு முந்தைய கணக்கெடுப்பில் தேடுங்கள். இரண்டு மூன்று வீடுகள் அகப்பட்டால் ஒவ்வொரு பையனையும் அடுத்த கணக்கெடுப்புக்குக் கொண்டு போங்கள். அங்கே இன்னும் இங்கிலாந்திலேயே இருப்பவரை அடித்துவிட்டு, காணாமல் போனவரின் ஞானஸ்நானப் பதிவுக்கு எழுதிப் போடுங்கள்.